இடம் பிடிப்பதும் இடம் கொடுப்பதும்

இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழா – வானொலி மறையுரை
(எசே 47:1-2, 8-9, 12, 1 கொரி 3:9-11, 16-17, யோவா 2:13-22)



பண்டிகைக் காலத்துப் பேருந்து நிலையத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வண்டி வந்து நிற்பதற்குள் கூட்டம் அதைச் சூழ்ந்துகொள்ளும். படியில் கால்வைக்க முடியாதவர்கள் சன்னல் வழியாகத் துண்டை எறிவார்கள். துண்டு இல்லாதவர்கள் பையை எறிவார்கள். சிலர் குழந்தையையே தூக்கி உள்ளே இறக்கிவிடுவார்கள். துண்டு விழுந்த இருக்கை துண்டுக்காரருக்குச் சொந்தம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது எழுதப்படவில்லை. ஆனாலும் நாம் இதை மதிக்கிறோம். மதிக்காதவரோடு சண்டையும் போடுகிறோம். கைக்குழந்தையோடு ஒரு தாய் நின்றுகொண்டே வருவார். துண்டு மட்டும் வசதியாக உட்கார்ந்து பயணம் செய்யும்.

இன்று திருச்சபை கொண்டாடுகிற விழாவும் ஓர் இடத்தைப் பற்றியதுதான். நவம்பர் 9, உரோமை நகரின் இலாத்தரன் பேராலயம் இறைவனுக்கு நேர்ந்தளிக்கப்பட்டதை நினைவுகூரும் நாள். இந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால், அந்த ஞாயிறுக்குரிய வழிபாடு ஒதுங்கிக்கொண்டு இந்த விழாவுக்கு வழிவிடுகிறது. “எங்கோ இருக்கிற ஒரு கோவிலுக்கு நம் ஊரில் எதற்குத் திருவிழா?” என்று நம்மில் பலர் நினைத்திருக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடிப் போனால், நம் ஊர்க் கோவிலுக்கே வந்து சேருவோம்.

திருத்தந்தையின் பேராலயம் எது என்று கேட்டால், புனித பேதுரு பெருங்கோவில் என்றுதான் பெரும்பாலும் சொல்லுவோம். அது சரியல்ல. உரோமையின் ஆயர் என்ற முறையில் அவருடைய ஆயர் இருக்கை இருக்கும் இடம் இலாத்தரன் பேராலயம். இலாத்தரானி என்பது ஒரு பழைய உரோமைக் குடும்பத்தின் பெயர். அவர்கள் மாளிகை இருந்த நிலம் பின்னர் பேரரசர் கொன்ஸ்தந்தீன் கைக்கு வந்தது. அவர் அதை உரோமை ஆயருக்குக் கொடுத்தார். 324-ஆம் ஆண்டில் திருத்தந்தை சில்வெஸ்தர் அங்கே எழுந்த ஆலயத்தை நேர்ந்தளித்தார் என்பது மரபு. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை கிறிஸ்தவர்களுக்கு உரோமைப் பேரரசில் நிலையான இடம் என்று ஒன்று இல்லை. வீடுகளில் கூடினார்கள், துரத்தப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். இடமில்லாதிருந்த ஒரு மக்களுக்கு வெளிப்படையாகக் கிடைத்த முதல் பெரிய இடம் இலாத்தரன். உலகின் எல்லா ஆலயங்களுக்கும் தாய் என்று அதை அழைப்பதன் பொருளும் இதுதான். 1308-லும் 1361-லும் அது தீப்பிடித்து எரிந்தது. மீண்டும் கட்டினார்கள். சுவர்கள் மாறின; இடம் மாறவில்லை.

ஆலய நேர்ந்தளிப்பு நாளுக்கென இலத்தீன் வழிபாட்டில் ஒரு பழைய பாடல் உண்டு. ‘லோக்குஸ் இஸ்தே’, அதாவது ‘இந்த இடம்’ என்று அது தொடங்கும். 1869-இல் ஆஸ்திரிய இசைமேதை அந்தோன் புரூக்னர், லின்ஸ் நகரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த புதிய பேராலயத்தின் சிற்றாலய நேர்ந்தளிப்புக்காக அதற்கு இசையமைத்தார். இன்றும் உலகெங்கும் பாடகர் குழுக்கள் அதைப் பாடுகின்றன. அதன் முதல் சொல்லாகிய ‘லோக்குஸ்’ என்பதைக் கையில் எடுத்துக்கொண்டு இன்றைய நற்செய்தியை அணுகிப் பார்ப்போம். ஏனென்றால், இலத்தீன் தெரியாத நாமும் இந்தச் சொல்லை நாள்தோறும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

‘லோக்கல்’ என்கிறோம். அது ‘லோக்குஸ்’ பெற்ற பிள்ளை. ‘இந்த இடத்தைச் சேர்ந்தது’ என்பதுதான் அதன் பொருள். ஆனால் நம் பேச்சில் அது எப்படி ஆகிவிட்டது? “லோக்கலாக நடந்துகொள்ளாதே”, “அவன் சரியான லோக்கல்” என்கிறோம். இந்த மண்ணைச் சேர்ந்தவன் என்ற சொல்லையே ஒரு வசவாக்கிவிட்டோம். திருச்சபையோ அதே சொல்லை மிக உயர்ந்த பொருளில் பயன்படுத்துகிறது. நாம் ‘தலத் திருச்சபை’ என்று சொல்வது அந்தச் சொல்லைத்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில், ஆயரோடு இணைந்து வாழும் தலச் சமூகங்கள் எவ்வளவு சிறியவையாகவும் ஏழையாகவும் சிதறியும் இருந்தாலும் அவற்றில் கிறிஸ்து இருக்கிறார் என்று போதிக்கிறது. ஓலைக்கூரைச் சிற்றாலயத்தில் இருபது பேர் கூடினாலும் அங்கே திருச்சபை முழுமையாக இருக்கிறது. ஆகவே இலாத்தரன் விழா உரோமையின் பெருமையைப் பாடும் விழா அல்ல. நம் ஊர்ச் சிற்றாலயமும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறிவிக்கும் விழா.

அடுத்து, ‘லெப்டினன்ட்’ என்ற சொல்லைப் பாருங்கள். இராணுவத்தில் ஒரு பதவி அது. புதுச்சேரியின் துணைநிலை ஆளுநரை ‘லெப்டினன்ட் கவர்னர்’ என்கிறோம். ‘லோக்குஸ்’ என்ற இலத்தீன் சொல் பிரெஞ்சில் ‘லியூ’ என்று தேய்ந்தது. லெப்டினன்ட் என்றால் ‘இடத்தை வைத்திருப்பவர்’. யாருடைய இடத்தை? தன்னுடையதை அல்ல, மேலிருக்கிற இன்னொருவருடைய இடத்தை. மருத்துவர் ஒருவர் விடுப்பில் போகும்போது அவருக்குப் பதிலாக வந்து நோயாளிகளைப் பார்ப்பவரை இங்கிலாந்தில் ‘லோகம்’ என்று அழைப்பதும் இதே பொருளில்தான். பெற்றோரைவிட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியரும் காப்பாளரும் ‘இன் லோக்கோ பரென்டிஸ்’, அதாவது பெற்றோரின் இடத்தில் இருப்பவர்கள் என்று சட்டம் சொல்கிறது. பிள்ளை அவர்களுடையது அல்ல. இடமும் அவர்களுடையது அல்ல. ஆனாலும் அந்த இடத்தில் இருக்கும்வரை பெற்றோருக்குரிய அக்கறையோடு இருக்க வேண்டும்.

திருச்சபையில் பதவிகள் எல்லாம் இப்படிப்பட்டவைதான். ஆயரும் பங்குத்தந்தையும் கிறிஸ்துவின் இடத்தை வைத்திருப்பவர்கள். பங்குப் பேரவை உறுப்பினர், அன்பியப் பொறுப்பாளர், பாடகர் குழுத் தலைவர், கோவில் சாவியை வைத்திருப்பவர் என நாம் எல்லோருமே இன்னொருவருக்காக இடம் காப்பவர்கள். உரியவர் வரும்போது எழுந்து வழிவிட வேண்டியவர்கள். பேருந்து இருக்கையில் கிடக்கும் துண்டு, “இருக்கை எனக்கே” என்று சொன்னால் எப்படி இருக்கும்? சிரிப்போம். ஆனால் இருபது ஆண்டுகளாக ஒரே பொறுப்பில் இருந்துகொண்டு, இளைஞர் ஒருவர் முன்வந்தால் முகம் சுளிக்கும்போது நாம் அந்தத் துண்டாகவே ஆகிவிடுகிறோம்.

நீதிமன்றத்திலும் இந்தச் சொல் வாழ்கிறது. ‘லோகஸ் ஸ்டாண்டி’ என்பார்கள் வழக்கறிஞர்கள். ‘நிற்பதற்கான இடம்’ என்று பொருள். வழக்குத் தொடுத்து, “என் பேச்சைக் கேளுங்கள்” என்று சொல்லும் உரிமை அது. பாதிக்கப்பட்டவர்தான் நீதிமன்றத்தில் நிற்கலாம், மற்றவருக்கு அங்கே வேலையில்லை என்பது பழைய மரபு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பாதிக்கப்பட்டவர் எழுத்தறியாதவராக இருந்தால்? சிறையில் இருந்தால்? கொத்தடிமையாக இருந்தால்? வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசு இல்லையென்றால்? அவருக்கு நிற்கும் உரிமை உண்டு. ஆனால் வந்து நிற்க வழியில்லை.

நம் நாட்டு உச்ச நீதிமன்றம் இந்தப் பூட்டைத் திறந்தது. திகார் சிறையில் ஒரு கைதி, தன்னோடு இருந்த வேறொரு கைதி கொடுமைப்படுத்தப்பட்டதைக் குறித்து உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். எழுதியவர் சுனில் பத்ரா, மரண தண்டனைக் கைதி. தன் உயிருக்காக எழுதவில்லை. அடுத்தவர் படும் வேதனைக்காக எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று, 1979-இல் தீர்ப்பு வழங்கியது. 1981-இல் எஸ். பி. குப்தா வழக்கில் நீதிபதி பி. என். பகவதி இந்தப் பாதையை இன்னும் அகலமாக்கினார். வறுமையாலும் இயலாமையாலும் நீதிமன்றத்துக்கு வர முடியாதவர்களுக்காக, நல்லெண்ணம் கொண்ட எவரும் வந்து நிற்கலாம் என்றார். பொதுநல வழக்கு என்று நாம் இன்று சொல்வது இப்படித்தான் வேரூன்றியது. நிற்க இடமில்லாதவருக்குத் தன் இடத்தைக் கொடுப்பதுதான் அது. இதைக் கேட்கும்போது நமக்கு யாருடைய நினைவு வருகிறது? நமக்காகத் தந்தையின் முன் நின்று பரிந்து பேசுகிறவரின் நினைவு வராமல் இருக்குமா?

இந்தச் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு இப்போது இன்றைய நற்செய்திக்கு வருவோம்.

பாஸ்கா விழா நெருங்குகிறது. இயேசு எருசலேம் கோவிலுக்குப் போகிறார். ஆடு, மாடு, புறா விற்பவர்களையும் நாணயம் மாற்றுவோரையும் காண்கிறார். கயிறுகளால் சாட்டை பின்னி, எல்லாரையும் துரத்துகிறார். ஏன் இவ்வளவு கோபம்? பலியிட விலங்கு வேண்டும். கோவில் வரிக்கு உரிய நாணயம் வேண்டும். தொலைவிலிருந்து வரும் திருப்பயணிகளுக்கு இரண்டும் தேவைதானே?

அந்த வியாபாரம் எந்த இடத்தில் நடந்தது என்பதைப் பார்த்தால் விளங்கும். எருசலேம் கோவிலில் பல முற்றங்கள் இருந்தன. உள்ளே குருக்களுக்கு ஓர் இடம், இஸ்ரயேல் ஆண்களுக்கு ஓர் இடம், பெண்களுக்கு ஓர் இடம். இவற்றுக்கெல்லாம் வெளியே பரந்த முற்றம் ஒன்று. பிற இனத்தார் வந்து இறைவனை வேண்டுவதற்கு இருந்த இடம் அது ஒன்றுதான். அந்த முற்றத்தில்தான் சந்தை கூடியது என்று விவிலிய அறிஞர்கள் கூறுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் எவருக்கும் எந்தக் குறையும் இல்லை; அவர்கள் இடம் அப்படியே இருந்தது. தொலைவிலிருந்து தேடி வந்த வெளியாருக்கு மட்டும் நின்று செபிக்க இடமில்லை. மாட்டுச் சத்தத்துக்கும் காசுச் சத்தத்துக்கும் நடுவே அவர் எப்படிச் செபிப்பார்? கோவில் எல்லா இனத்தாருக்கும் உரிய இறைவேண்டலின் வீடு என்பதை இதே நிகழ்வில் இயேசு நினைவூட்டுவதாக மாற்கு எழுதுகிறார். அடுத்தவருக்கென்று ஒதுக்கிய இடத்தில் நாம் துண்டு போட்டுவிட்டோம் என்பதுதான் அவருடைய சினத்துக்குக் காரணம்.

அந்த வெளி முற்றத்துக்கும் உள் முற்றத்துக்கும் நடுவே ஒரு கல் தடுப்பு இருந்தது. பிற இனத்தார் எவரும் அதைத் தாண்டக் கூடாது. தாண்டிப் பிடிபட்டால் நேரும் சாவுக்கு அவரே பொறுப்பு என்று கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். இது கதையல்ல. அந்தக் கல்வெட்டுகளில் ஒன்று 1871-இல் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டது. கிரேக்க எழுத்துகளோடு அது இன்றும் இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரித்துவைத்த தடுப்புச் சுவரைக் கிறிஸ்து தம் உடலால் தகர்த்தெறிந்தார் என்று எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் வாசிக்கிறோம். அதை முதலில் கேட்டவர்களுக்கு எருசலேம் கோவிலின் அந்தச் சுவர் நினைவுக்கு வந்திருக்கும்.

யோவான் நற்செய்தியை இலத்தீனில் வாசிப்பவர்கள் ‘லோக்குஸ்’ என்ற சொல் அதில் ஒரு பயணம் போவதைக் காண்பார்கள். சமாரியப் பெண் கிணற்றடியில் கேட்கிறார்: வழிபட வேண்டிய இடம் எது, இந்த மலையா, எருசலேமா? இலாசர் உயிர்பெற்றபின் தலைமைக் குருக்கள் கூடிப் பேசுகிறார்கள்: இவனை இப்படியே விட்டுவிட்டால் உரோமையர் வந்து ‘நம் இடத்தை’ப் பறித்துக்கொள்வார்கள். இறந்தவர் ஒருவர் உயிரோடு எழுந்து வந்திருக்கிறார். அவர்களுடைய கவலையோ தங்கள் இடத்தைப் பற்றியது. இதை வாசித்து அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. இந்தப் பயம் நம் எல்லாருடைய பயமும்தான். நம் இடம் போய்விடும் என்ற பயத்தில்தான் நல்லவர்களும் கொடியவர்களாகிறார்கள். இயேசுவைக் கொன்றாவது இடத்தைக் காப்பாற்ற நினைத்தார்கள். நாற்பது ஆண்டுகள்கூடச் செல்லவில்லை என்று சொல்லத்தக்க காலத்துக்குள், 70-ஆம் ஆண்டில் அந்தக் கோவில் தரைமட்டமானது.

அவர்கள் தங்கள் இடத்தைப் பற்றிக்கொள்ளத் திட்டமிட்டுக்கொண்டிருந்தபோது இயேசு என்ன செய்தார்? இறுதி இரவில் தம் சீடரிடம், உங்களுக்கு ஓர் இடம் ஆயத்தம் செய்யப் போகிறேன் என்று வாக்களித்தார். அங்கும் அதே சொல்தான். ஆனால் அந்தப் பயணத்தில் அவருக்குக் கிடைத்தது ‘மண்டை ஓட்டு இடம்’. அதற்கும் அதே சொல்தான். உயிர்த்தபின் தோமா, ஆணிகள் இருந்த இடத்தில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்கிறார். பழைய இலத்தீன் பெயர்ப்பில் அங்கும் ‘லோக்குஸ்’ என்றே இருக்கிறது. சகோதர சகோதரிகளே, நமக்காக ஆயத்தம் செய்யப்பட்ட இடத்தின் வாசல் எது என்று கேட்டால், ஆணிகளின் இடத்தைத்தான் காட்ட வேண்டும். பிறந்தபோது விடுதியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இறந்தபோது கல்லறையும் இன்னொருவருடையது. தமக்கென்று ஓர் இடம் இல்லாதவர் நமக்கு இடம் கொடுத்தார்.

அதனால்தான் இன்றைய நற்செய்தி, கோவில் என்று அவர் சொன்னது தம் உடலையே என்று முடிகிறது. இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுல் ஒரு படி மேலே போகிறார்: நீங்களே கடவுளின் கோவில் என்கிறார். ‘புனித இடம்’ என்பது முதலில் கல்லும் சுண்ணாம்பும் அல்ல, மனிதர். ஆகவே ஒரு மனிதரை ஒதுக்கித் தள்ளுவதும் கோவிலைத் தீட்டுப்படுத்துவதும் ஒன்றுதான்.

இதைக் கேட்டுவிட்டு எருசலேமை மட்டும் நினைத்தால் போதாது. நம் வடக்கன்குளத்தையும் நினைக்க வேண்டும். 1745-இல் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியவர் அவர். 1752-இல் காற்றாடிமலையில் உயிரைக் கொடுத்தவர். 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்டவர். அந்த ஊரிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஆலயம் கட்டினார்கள். பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் கூடம் இரண்டு. ஒரு சாதிக்கு ஒரு பக்கம், மற்றச் சாதிக்கு மறு பக்கம், நடுவே சுவர். ஒரே அப்பத்தை உண்ண வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்று கட்டிய கோவில் அது. 1910-இல், கௌசானல் அடிகளாரின் முயற்சியால், அந்தத் தடுப்பு அகற்றப்பட்டது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றது. பிரிவினை தங்கள் உரிமை என்று வாதிட்டவர்கள் தோற்றார்கள்.

அது பழைய கதை என்று பெருமூச்சு விட முடியுமா? ஒரு வாரத்துக்கு முன்புதான் இறந்தோர் நினைவு நாளில் கல்லறைத் தோட்டங்களுக்குப் போய் வந்தோம். மெழுகுதிரி ஏற்றினோம், பூ வைத்தோம். திருச்சபைச் சட்டம் ‘புனித இடங்கள்’ என்று பேசும்போது, கோவில்களோடு நம்பிக்கையாளரை அடக்கம் செய்யும் இடங்களையும் சேர்த்தே பேசுகிறது. கோவில் எவ்வளவு புனிதமோ, கல்லறையும் புனிதம். அந்தப் புனித இடத்தில் சாதிக்கு ஒரு பகுதி என்று பிரித்துச் சுவர் வைத்த ஊர்கள் நம் தமிழகத்தில் இன்றும் இருக்கின்றன. இறந்த உடலுக்குக்கூட “உன் இடம் அங்கே” என்று சொல்கிறோம். திருவிழாத் தேர் எந்தத் தெருவரை போகும், எந்தத் தெருமுனையில் திரும்பிவிடும் என்பதும் சில ஊர்களில் எழுதப்படாத சட்டம். எருசலேமின் கல்வெட்டு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. நம்முடையது இன்னும் தெருவில் நிற்கிறது.

சாதிச் சுவர் இல்லாத பங்குகளில் நாம் தூய்மையானவர்கள் என்றும் எண்ண வேண்டாம். வடமாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை நம் கோவிலின் பின்புறம், செருப்புகள் கிடக்கும் இடத்தில் நிற்கிறார்கள். அவர்களும் நம்மைப் போலவே கத்தோலிக்கர். நம் மொழி தெரியாது, பாடல் தெரியாது. திருப்பலி முடிந்ததும் யாரோடும் பேசாமல் போய்விடுகிறார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்குப் பத்துப் படிகள் ஏறினால்தான் இயேசு. மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை அழைத்து வரும் தாய், சத்தம் போடுகிறதே என்று நாம் திரும்பிப் பார்த்த ஒரு பார்வையில் அடுத்த வாரம் வரவில்லை. பங்குக் கூட்டத்தில் ஏழை ஒருவர் எழுந்து பேசினால், “இவருக்கு என்ன தகுதி?” என்று முணுமுணுக்கிறோம். அவருக்கு ‘லோகஸ் ஸ்டாண்டி’ இல்லை என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். திருமுழுக்குத் தண்ணீர் அவருக்குக் கொடுத்த இடத்தைப் பறிக்க நாம் யார்?

தமிழில் ‘இடம்’ என்ற சொல்லைக் கொண்டே நம் மனத்தைச் சோதித்துப் பார்க்கலாம். ‘பெரிய இடம்’ என்கிறோம். பணமும் செல்வாக்கும் உள்ள குடும்பம் என்று பொருள். ‘நல்ல இடமாகப் பார்த்துப் பெண்ணைக் கொடுத்தோம்’ என்கிறோம். ‘இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்’ என்று எச்சரிக்கிறோம். எல்லாவற்றிலும் ஒரு பயம் ஒளிந்திருக்கிறது. ஆண்டவரின் உவமையில் வருகிற விருந்தோ வேறு மாதிரி. ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழைத்து வந்தபின்பும், இன்னும் இடம் இருக்கிறது என்று பணியாளர் வந்து சொல்கிறார். கடவுளின் வீட்டில் இடம் தீர்ந்துபோவதில்லை. தீர்ந்துவிட்டது என்று சொல்வது, துண்டு போட்டு வைத்திருக்கிற நாம்தான். நாம் இடம் கொடுக்கக் கூடாத ஒருவனைப் பற்றியும் பவுல் சொல்லியிருக்கிறார்: அலகைக்கு இடம் கொடாதீர்கள் என்கிறார். மனிதருக்கு மறுத்த இடத்தில்தான் அவன் வந்து உட்காருகிறான்.

அப்படியானால் இந்த விழா நாளில் நாம் என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். அடுத்த ஞாயிறு கோவிலுக்கு வரும்போது வழக்கமாக உட்காரும் இருக்கையை விட்டு எழுந்து, பின்னால் நிற்கிற ஒருவரைக் கைபிடித்து அழைத்து வந்து உட்கார வைப்போம். அவர் பெயரைக் கேட்போம். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த இடம் என்று துருவாமல் பெயரை மட்டும் கேட்போம். பங்குப் பேரவையில் இருப்பவர்கள் சாய்வுப் பாதை ஒன்றுக்கான பேச்சைத் தொடங்கலாம். தேர் போகாத தெருவைப் பற்றியும் வாய் திறக்கலாம். கல்லறையில் சுவர் உள்ள ஊரில் இருப்பவர்கள், தங்கள் குடும்பத்தாரிடமாவது, “என்னை அடக்கம் செய்யும்போது அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பார்க்காதீர்கள்” என்று இப்போதே சொல்லிவைக்கலாம். சுவர்கள் அப்படித்தான் ஒவ்வொரு கல்லாக விழும்.

இன்றைய முதல் வாசகத்தில் எசேக்கியேல், கோவில் வாயிற்படியின் அடியிலிருந்து தண்ணீர் புறப்பட்டு வெளியே ஓடுவதைக் காண்கிறார். அது போகும் இடமெல்லாம் உயிர் தளிர்க்கிறது. உப்புக் கடலின் தண்ணீரும் நல்ல தண்ணீராகிறது. தண்ணீர் கோவிலுக்குள்ளேயே தேங்கி நிற்கவில்லை என்பதைக் கவனிப்போம். வாசலைத் தாண்டி, கோவிலுக்கு வர முடியாதவர்களின் இடம்வரை அது போகிறது.

பேருந்துத் துண்டில் தொடங்கினோம். ஒரு துண்டோடு முடிப்போம். நமக்கு ஓர் இடம் ஆயத்தம் செய்யப் போகிறேன் என்று ஆண்டவர் சொன்ன அதே இரவில், அதற்குச் சற்று முன்பு, பந்தியில் முதன்மையான இடத்திலிருந்து எழுந்தார். மேலுடையைக் கழற்றிவைத்தார். ஒரு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அந்தத் துண்டை எந்த இருக்கையிலும் அவர் போடவில்லை. அதைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலடியில் மண்டியிட்டார். காட்டிக்கொடுக்கப் போகிறவனுக்கும் அந்தப் பந்தியில் இடம் இருந்தது. அவன் காலும் கழுவப்பட்டது.

நம் கையிலும் ஒரு துண்டு இருக்கிறது. அதை எறிந்து இடம் பிடிப்பதா, கட்டிக்கொண்டு இடம் கொடுப்பதா? இந்த வாரம் இதை நினைத்துப் பார்ப்போம். இடமில்லாதவர்களுக்கு இடமாகிய இயேசு ஆண்டவர் நம் இல்லங்களையும், நம் ஆலயங்களையும், நம் கல்லறைகளையும் தம் வீடாக ஆக்குவாராக. ஆமென்.